பலகையில் ஒட்டிய காகிதம்

2021 ஜூலை 26ஆம் தேதி, ஏழு மாதங்களுக்குப் பிறகு மலேசிய நாடாளுமன்றம் கூடியது. ஜனவரியில் அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டதிலிருந்து அவை பூட்டியே கிடந்தது. பூட்டிக் கிடந்த காலத்தில் அரசாங்கம் ஒன்றன்பின் ஒன்றாக அவசரச் சட்டங்களைக் கொண்டுவந்தது. கோவிட் விதிகளை மீறினால் அபராதம், பொய்ச் செய்திக்குச் சிறை, தொழிலாளர் தங்குமிடம், அரசாங்கச் செலவு என்று பல விஷயங்கள் அவற்றில் இருந்தன. அவை திறந்த அன்று எதிர்க்கட்சியினர் கேட்டது ஒரே கேள்விதான். இந்தச் சட்டங்களை எப்போது விவாதித்து வாக்கெடுக்கப் போகிறோம்?

சட்டத்துறைக்குப் பொறுப்பான அமைச்சர் தக்கியுடின் ஹசான் எழுந்தார். அவசரச் சட்டங்கள் எல்லாவற்றையும் அரசாங்கம் ஜூலை 21ஆம் தேதியே ரத்து செய்துவிட்டது என்றார். ஐந்து நாளாக அது மக்களுக்கும் தெரியாது, அவை உறுப்பினர்களுக்கும் தெரியாது. ரத்தான சட்டத்தை விவாதிக்க என்ன இருக்கிறது? விவாதம் இல்லையென்றால் வாக்கெடுப்பும் இல்லை. விஷயம் அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது போலத் தோன்றியது.

அன்று மதியம் தஞ்சோங் டாவாயிலிருந்து மாமா கூப்பிட்டார். மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் மீனவர் ஊர் அது. நெத்திலிக்கும் கருவாட்டுக்கும் பேர் போனது. அங்கே ஒரு கருவாட்டு வியாபாரியிடம் மாமா பல வருடங்களாக லோரி ஓட்டுகிறார். அவர் மகன் சுங்கை பட்டாணியில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். ஏப்ரலில் ஒருநாள் வேலை முடிந்து திரும்பும் வழியில், சாப்பாட்டுக் கடை ஒன்றில் மைசெஜாத்ராவில் பதியாமல் உட்கார்ந்துவிட்டான். கைப்பேசியில் சார்ஜ் இல்லை. கடைக்காரரின் நோட்டுப் புத்தகத்தில் பேரை எழுதலாம் என்று நினைத்திருக்கிறான். பத்தாயிரம் ரிங்கிட்டுக்குச் சம்மன் வந்தது. அவன் சம்பளம் 1,200. சாப்பிடாமல் கொள்ளாமல் சேர்த்தாலும் எட்டு மாதம் ஆகும். முறையிட்டதில் நாலாயிரமாகக் குறைத்தார்கள். மாமி காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கொண்டுபோய் அடகுக்கடையில் வைத்தார். ஜூனில் கட்டி முடித்தார்கள்.

"மருமவனே, டிவியில எல்லாம் ரத்துன்னு சொல்றான். அப்ப நாம கட்டுன காசு?"

"பாத்துச் சொல்றேன் மாமா."

"ரத்துன்னா ரத்துதானே? இல்லாத சட்டத்துக்கு எதுக்கு நாலாயிரம்?"

மாமா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். ஆனால் சட்டக்கல்லூரியில் ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம் போன்ற கேள்வியை அவர்தான் கேட்டார். அன்றிரவு கூட்டரசு அரசியலமைப்பின் 150ஆவது பிரிவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்தப் பிரிவு சொல்வது இதுதான். அவசரகாலத்தில், இரு அவைகளும் கூடியிராத நேரத்தில், உடனடி நடவடிக்கை தேவை என்று மாமன்னர் கருதினால் அவசரச் சட்டம் இயற்றலாம். ஆனால் பிரகடனத்தையும் அந்தச் சட்டங்களையும் இரு அவைகளின் முன்னும் வைக்க வேண்டும். இரு அவைகளும் தீர்மானம் போட்டு ரத்து செய்தால் அவை செல்லாமல் போகும். அடுத்து ஒரு சின்ன வால் இருக்கிறது. ரத்தாகும் முன் அந்தச் சட்டத்தின் பேரில் செய்யப்பட்ட எதையும் அந்த ரத்து பாதிக்காது.

மாமாவின் கேள்விக்குப் பதில் அந்த வாலில் இருந்தது. கட்டியது கட்டியதுதான். மறுநாள் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அப்ப போட்டவங்களும் அவுங்களே, எடுத்தவங்களும் அவுங்களே. நடுவுல நம்மள யாரும் கேக்கலே," என்றார்.

*

இதைக் கேட்டபோது எனக்கு அம்மாவின் தோட்டத்து ஆபீஸ் பலகை நினைவுக்கு வந்தது. பீடோங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அம்மா பால்மரம் வெட்டினார். விடியும் முன் பிரட்டு. பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் ஆபீஸ் சுவரில் ஒரு மரப்பலகை. மலாயிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த காகிதங்களை அதில் குத்தி வைத்திருப்பார்கள். கிராணி வாசித்துச் சொன்னால் உண்டு. இல்லையென்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை யாராவது எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை பலமுறை நானாக இருந்திருக்கிறேன்.

ஒருமுறை, டிரெசர் இனி வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார் என்று ஒரு காகிதம் வந்தது. யார் கேட்டது, யார் முடிவு செய்தது, எதுவும் இல்லை. அடியில் ஒரு கிறுக்கல் கையெழுத்து. கேட்டால், "மேலிடத்து ஆர்டர்" என்பார் மண்டோர். சில மாதம் கழித்து அந்தக் காகிதம் பலகையில் இல்லை. விதி மாறிவிட்டதா, காற்றில் போய்விட்டதா, யாராவது கிழித்தார்களா? லயத்தில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. போய்க் கேட்க யாருக்கும் துணிவில்லை. ஆகவே எல்லாரும் பழைய விதிப்படியே, அந்த இரண்டு நாளில் மட்டுமே காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனார்கள்.

அம்மா அப்போது சொன்ன ஒரு வாக்கியம் எனக்கு இன்றும் பயன்படுகிறது. "போட்டது யாருன்னும் காகிதத்துல இருக்காது. எடுத்தது யாருன்னும் இருக்காது."

நாடாளுமன்றம் என்ற ஒன்று எதற்கு என்று யாராவது என்னைக் கேட்டால், அம்மாவின் இந்த வாக்கியத்தைப் பொய்யாக்குவதற்கு என்றுதான் சொல்வேன். யார் போட்டார்கள், யார் எடுத்தார்கள், யார் கையைத் தூக்கினார்கள், யார் எழுந்து மறுத்தார்கள் என்று பேர் பேராக எழுதி வைக்கும் இடம் அது. ஹன்சார்ட் என்பது அதற்குத்தான். 2020 டிசம்பர் நடுவிலிருந்து 2021 ஜூலை 26 வரை மக்களவைக்கு ஹன்சார்ட் கிடையாது. அபராதம் ஆயிரத்திலிருந்து பத்தாயிரமானது அந்த இடைவெளியில்தான். மார்ச் 11ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. நிறுவனம் என்றால் ஐம்பதாயிரம் வரை. கிளந்தானில் நேரம் தாண்டிக் கடை திறந்த பர்கர் வியாபாரி ஒருவருக்கு ஐம்பதாயிரம் போட்டது அப்போது நாடு முழுக்கப் பேசப்பட்டது. "இந்தத் தொகை அதிகம்" என்று ஒரு உறுப்பினராவது அவையில் எழுந்து சொல்லியிருப்பார். எழுந்து நிற்க அவைதான் இல்லை.

*

இந்த விஷயத்தைத் தேடிப் படித்தபோது, கிட்டத்தட்ட இதே சிக்கலுக்கு அமெரிக்கர்கள் தனியாக ஒரு சட்டமே எழுதி வைத்திருப்பது தெரிந்தது. அங்கே அதிபர் தேர்தல் நவம்பரில். புதியவர் பதவியேற்பது ஜனவரி 20இல். இடையில் இரண்டரை மாதம் பழைய அதிபர்தான் நாற்காலியில் இருப்பார். தோற்றவராக இருந்தாலும், பதவிக்காலம் முடிந்தவராக இருந்தாலும், வாக்காளரிடம் மறுபடி போக வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அந்த நேரத்தில் மத்திய அரசுத் துறைகள் அவசர அவசரமாக விதிமுறைகளை வெளியிடும். அவற்றுக்கு 'நள்ளிரவு விதிகள்' என்று பேர். 1980 தேர்தலில் தோற்ற ஜிம்மி கார்ட்டரின் கடைசி மாதங்களில் குவிந்த விதிகளை ஒட்டி அந்தப் பேர் பரவலாயிற்று. அதற்குப் பிறகு இரண்டு கட்சிக்காரர்களும் அதைச் செய்திருக்கிறார்கள்.

1996இல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு மறுஆய்வுச் சட்டம் இயற்றியது. துறைகள் தாங்கள் போடும் ஒவ்வொரு விதியையும் இரு அவைகளுக்கும் அனுப்பிவைக்க வேண்டும். குறிப்பிட்ட நாட்களுக்குள் ஓர் உறுப்பினர் அதை நிராகரிக்கும் தீர்மானம் கொண்டுவரலாம். செனட்டில் பேசிப் பேசியே காலம் கடத்தித் தடுக்கும் பழைய தந்திரம் இங்கே செல்லாது. விவாதத்துக்கு அதிகபட்சம் பத்து மணி நேரம். சாதாரணப் பெரும்பான்மை போதும். இரு அவைகளும் நிறைவேற்றி அதிபரும் கையெழுத்திட்டால் விதி செத்தது. அமர்வின் கடைசி 60 வேலை நாட்களுக்குள் வந்து சேர்ந்த விதிகளுக்கு ஒரு தனி ஏற்பாடு உண்டு. புதிய காங்கிரஸ் கூடியதும், அவை அப்போதுதான் வந்ததுபோல முழு அவகாசத்தோடு எடுத்துப் பார்க்கலாம். அதாவது நள்ளிரவில் போட்டதை விடிந்த பிறகு வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்கும் உரிமை.

மாமாவுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு வரியும் அதில் இருக்கிறது. இப்படி நிராகரிக்கப்பட்ட விதி, ஒருபோதும் நடைமுறைக்கு வராததுபோலவே கருதப்படும். நம்முடைய 150ஆவது பிரிவின் வாலுக்கு நேர் எதிர்.

படிக்கும்போது எவ்வளவு அழகான ஏற்பாடு என்று தோன்றியது. ஆனால் அது வேலை செய்யும் விதம் வேறு மாதிரி. தன் துறை போட்ட விதியை நிராகரிக்கும் தீர்மானத்தில் எந்த அதிபராவது கையெழுத்துப் போடுவாரா? மாட்டார். ஆகவே பழையவர் போய்ப் புதியவர் வந்து, இரு அவைகளும் புதியவர் பக்கம் இருந்தால்தான் இந்தச் சட்டத்துக்கு உயிர் வரும். முதல் இருபது வருடத்தில் ஒரே ஒருமுறைதான் அது வெற்றிகரமாகப் பயன்பட்டது. 2017இல் டிரம்ப் வந்த பிறகு அந்த ஒரு காங்கிரஸ் காலத்தில் மட்டும் 16 விதிகள் போயின. 2021இல் பைடன் வந்ததும் டிரம்ப் காலத்து விதிகள் மூன்று போயின.

அந்த முதல் இருபது வருடத்தின் ஒரே ஒரு பலி என்ன என்று பார்த்தபோதுதான் என்னால் அதற்கு மேல் எளிதாகத் தாண்டிப் போக முடியவில்லை. அது தொழிலாளர்களின் முதுகையும் தோளையும் மணிக்கட்டையும் பற்றிய விதி.

*

அம்மாவுக்கு வலது தோள் மேலே தூக்காது. காண்டா கம்பின் இரு முனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு, மேடு பள்ளமான நிரைகளில் இருந்து ஸ்டோர் வரைக்கும் சுமந்த தோள். தலை சீவ இடது கையைத்தான் பயன்படுத்துவார். எங்கள் லயத்தில் நாற்பது தாண்டிய பெண்கள் பலருக்கும் இப்படி ஏதோ ஒன்று இருந்தது. ஒருத்திக்கு இடுப்பு, ஒருத்திக்கு முட்டி, ஒருத்திக்கு உளி பிடித்த விரல்கள். யாரும் அதை விபத்து என்று சொல்லவில்லை. விபத்து என்றால் ரத்தம் வர வேண்டும். மெல்ல மெல்லத் தேய்ந்து போவதற்குத் தோட்டத்தில் "வயசாயிருச்சு" என்று பேர்.

அமெரிக்காவில் இறைச்சி வெட்டும் ஆலைகளிலும் கோழி அறுக்கும் கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் இதேதான். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதாலும் பாரம் தூக்குவதாலும் உடம்பு தேய்கிறது. 1990இல் தந்தை புஷ்ஷின் ஆட்சியில் தொழிலாளர் துறைச் செயலாளராக இருந்த எலிசபெத் டோல், இதற்கு ஒரு விதி கொண்டுவரும் வேலையைத் தொடங்கினார். அவர் குடியரசுக் கட்சிக்காரர். பிறகு பத்து வருடம் இழுத்தது. ஆய்வுகள், விசாரணைகள், சாட்சியங்கள். இடையில் சில வருடங்கள், இந்த விதியை வெளியிட ஒரு காசும் செலவழிக்கக் கூடாது என்று காங்கிரஸே நிதிச் சட்டத்தில் எழுதித் தடுத்தது. கடைசியில் 2000 நவம்பர் 14ஆம் தேதி, கிளிண்டனின் இறுதி மாதங்களில், விதி வெளியானது. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு அது பொருந்தும் என்று கணக்கிட்டிருந்தார்கள். முதலாளிகள் தரப்பு, செலவு தாங்காது என்றது.

2001 மார்ச் 6ஆம் தேதி செனட் 56க்கு 44 என்று அதை நிராகரித்தது. மறுநாள் பிரதிநிதிகள் சபை 223க்கு 206. மார்ச் 20ஆம் தேதி மகன் புஷ் கையெழுத்திட்டார். பத்து வருட வேலை இரண்டு வாரத்தில் முடிந்தது. அதுமட்டுமல்ல, நிராகரிக்கப்பட்ட விதியைப் போலவே கணிசமாக இருக்கும் இன்னொரு விதியைப் புதிய சட்டம் இல்லாமல் அந்தத் துறை கொண்டுவரக் கூடாது என்பதும் அந்த மறுஆய்வுச் சட்டத்தில் இருக்கிறது. திருத்திக்கொண்டு வா என்று திருப்பி அனுப்ப அதில் வழியில்லை. முழுதாக ஏற்கலாம், இல்லை முழுதாகத் தள்ளலாம். அந்த விதி இன்றுவரை திரும்பி வரவில்லை.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. 'கடைசி நேரத்தில் திணித்தது' என்பது அந்த விதியின் மேல் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. கடைசி நேரம் வரை அதைத் தள்ளி வைத்ததில் அதே காங்கிரஸுக்கும் பங்கு இருந்தது. வாசலை மறித்து நின்றுவிட்டு, ஏன் இவ்வளவு தாமதமாக வந்தாய் என்று கேட்பதுபோல. ஏழைகளுக்கு ஆக வேண்டிய காரியங்கள் எப்போதும் தாமதமாகத்தான் வந்து சேரும். பணம் உள்ளவர்களின் காரியம் முதல் வருடமே முடிந்துவிடும். ஆகவே, தாமதமாக வந்தது என்பதை மட்டும் வைத்து ஒரு விதியை எடை போட்டால், அந்தத் தராசு எப்போதும் ஒரு பக்கமே சாயும்.

இருந்தாலும் அந்த 56 பேர், அந்த 223 பேர், ஒவ்வொருவரின் பேரும் இருக்கிறது. கோழிக் கூடத்தில் மணிக்கட்டு வீங்கிய ஒரு பெண், தன் மாநில உறுப்பினர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று தேடிப் பார்த்து, அடுத்த தேர்தலில் அதை மனத்தில் வைத்துக்கொள்ள முடியும். அநியாயம் நடந்தது என்றே வைத்துக்கொண்டாலும் அது பேரோடும் முகத்தோடும் நடந்தது. அம்மாவுக்கு அந்த வசதிகூட இல்லை.

*

கடைசி நேரச் சட்டம் நமக்கும் புதிதில்லை. 2018இல் நஜிப் அரசாங்கம் பொய்ச் செய்தி எதிர்ப்புச் சட்டத்தை மார்ச் 26ஆம் தேதி அவையில் வைத்தது. ஏப்ரல் 2இல் மக்களவை நிறைவேற்றியது. 7ஆம் தேதி நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. 11ஆம் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆறு ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரிங்கிட் வரை அபராதம். மே 9ஆம் தேதி அந்த அரசாங்கமே தோற்றுப் போனது. கொண்டுவந்தவர்கள் ஒரு மாதம்கூட அதை ஆண்டு அனுபவிக்கவில்லை.

புதிய அரசாங்கம் ஆகஸ்டிலேயே மக்களவையில் அதை ரத்து செய்தது. செப்டம்பரில் மேலவை மறுத்துவிட்டது. மேலவை உறுப்பினர்களின் பதவிக்காலம் தேர்தலோடு முடிவதில்லை. பழைய ஆட்சியின் பெரும்பான்மை அங்கே மிச்சமிருந்தது. அரசியலமைப்புப்படி ஒரு வருடம் காத்திருந்து, 2019 அக்டோபரில் மக்களவை மறுபடி நிறைவேற்ற வேண்டியிருந்தது. 2020 தொடக்கத்தில்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. எட்டே நாளில் அவையைத் தாண்டிய சட்டத்தை எடுப்பதற்கு ஒன்றரை வருடம். நண்பர்கள் அப்போது சலித்துக்கொண்டார்கள். எனக்கும் சலிப்பு இருந்தது. ஆனால் அந்த ஒன்றரை வருடமும் எல்லாம் வெளியே நடந்தது. யார் தடுத்தார்கள், எந்த வாதத்தைச் சொல்லித் தடுத்தார்கள் என்பதை நாங்கள் செய்தித்தாளில் படித்து, சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சண்டை போட்டோம்.

2021 மார்ச் 12ஆம் தேதி அதே பொய்ச் செய்தி விவகாரம் அவசரச் சட்டமாகத் திரும்பி வந்தது. இந்தமுறை மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அவசரகாலம், கோவிட் பற்றிய பொய்களுக்கு மட்டும் என்றார்கள். இரு அவைகளும் வருடக்கணக்கில் போராடிப் புதைத்த ஒன்றைத் தோண்டி எடுக்க ஒரு அவையும் தேவைப்படவில்லை. அரசிதழில் ஒரு அறிவிப்பு போதுமாக இருந்தது. பலகையில் ஒரு புதுக் காகிதம்.

பிறகு ஜூலையில் அந்தக் காகிதம் காணாமல் போனது. பிரதமர் முஹிடின் யாசினுக்குக் கொடுத்த ஆதரவை மீட்டுக்கொள்வதாக அம்னோ ஜூலை 8ஆம் தேதி அறிவித்திருந்தது. அவசரச் சட்டங்களை வாக்குக்கு விட்டால், அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். ஜூலை 29ஆம் தேதி அரண்மனையிலிருந்து அறிக்கை வந்தது. ரத்துக்குத் தாம் இன்னும் சம்மதம் தரவில்லை, நாடாளுமன்றத்தில் வைத்து விவாதிக்க வேண்டும் என்று 24ஆம் தேதியே அமைச்சரிடம் சொல்லியிருந்தேன், அது நடக்கவில்லை என்று மாமன்னர் வருத்தம் தெரிவித்திருந்தார். அமைச்சரவையின் ஆலோசனைப்படியே எல்லாம் நடந்தது என்று பிரதமர் அலுவலகம் பதில் சொன்னது. ஆகஸ்டு 2ஆம் தேதி கூட வேண்டிய அவை, கோவிட் தொற்றைக் காரணம் காட்டி ஒத்திவைக்கப்பட்டது. உள்ளே விடாததால் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மெர்டேக்கா சதுக்கத்தில் திரண்டார்கள். ஆகஸ்டு 16ஆம் தேதி முஹிடின் பதவி விலகினார்.

அந்தக் கடைசி வாரங்களில் நான் பலரிடம் பேசினேன். கெட்ட சட்டம் போனால் சரிதானே, எப்படிப் போனால் என்ன என்பதுதான் பெரும்பாலானவர்களின் எண்ணம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு சட்டத்தைச் சத்தமில்லாமல் எடுக்க முடிந்த கை, சத்தமில்லாமல் போடவும் பழகிய கை. ஜூலை 21ஆம் தேதி ரத்தும், மார்ச் 11ஆம் தேதி அபராதமும் ஒரே அறையில் எழுதப்பட்டவை. இரண்டிலும் நாம் இல்லை. அவையில் வாதம் நடந்திருந்தால், ஏற்கெனவே கட்டியவர்களின் கதி என்ன என்று ஒருவராவது கேட்டிருப்பார். பாதிக்கப்பட்டவர்களுக்குத் தொகையைத் திருப்பித் தர வழி செய்யுங்கள் என்று இன்னொருவர் எழுந்திருப்பார். கிடைத்திருக்குமா என்பது வேறு. கேட்டது பதிவாகியிருக்கும். அக்டோபரில், புதிய பிரதமர் வந்த பிறகு, ரத்துத் தீர்மானங்கள் ஒருவழியாக முறைப்படி மக்களவைக்கு வந்து நிறைவேறின. அப்போது நாடு வேறு பேச்சுக்குப் போய்விட்டது.

*

மாமாவிடம் இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னதில்லை. ஆனால் அம்மாவிடம் ஒருநாள் பேசினேன். கடைசி நேரத்தில் போடும் சட்டம் எல்லாம் மோசம்தானே என்று கேட்டுப் பார்த்தேன்.

"அப்ப எங்க தொள்ளாயிரம் வெள்ளி?" என்றார்.

அவர் சொன்னது சரி. நாட்டின் முதல் குறைந்தபட்சச் சம்பள ஆணை 2012இல் வந்தது. தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட், சபா சரவாக்குக்கு 800. தொழிலாளர் தினத்துக்கு முதல்நாள் நஜிப் அறிவித்தார். 2008இல் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் தன் கடைசி வருடத்தில் இருந்தது. தேர்தல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வாக்குக்காகக் கொடுத்தது என்று அப்போதே எல்லாரும் சொன்னார்கள். 2013 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது, மே மாதம் தேர்தல். கூலியை நாள்கணக்கிலும் எடைக்கணக்கிலும் மட்டுமே பார்த்துப் பழகிய அம்மா, இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு எண் இருப்பதை அப்போதுதான் கேள்விப்பட்டார்.

அந்த ஆணையும் அமைச்சர் கையெழுத்தில் அரசிதழில் வந்ததுதான். ஆனால் அது வெறும் காகிதமாக வரவில்லை. அதற்கு முன் 2011இல் சம்பள ஆலோசனை மன்றத்துக்கான சட்டத்தை நாடாளுமன்றம் விவாதித்து நிறைவேற்றியிருந்தது. தொழிலாளர் தரப்பும் முதலாளி தரப்பும் உட்காரும் மன்றம் அது. அதன் பரிந்துரையில்தான் அமைச்சர் ஆணை போட முடியும். ஆட்சியின் கடைசி வருடத்தில் வந்தாலும், வந்த வழி தெரியும். அந்த எண் பின்னால் வந்த அரசாங்கங்களிலும் ஏறியதே தவிர இறங்கவில்லை.

ஆகவே கடிகாரத்தைப் பார்த்து ஒரு விதியை நல்லது கெட்டது என்று சொல்ல எனக்கு இப்போது மனம் வருவதில்லை. நள்ளிரவில் வந்த தோள்வலி விதி நல்லது, விடிந்ததும் கொன்றார்கள். கடைசி வாரத்தில் வந்த பொய்ச் செய்திச் சட்டம் கெட்டது, எடுக்க ஒன்றரை வருடம் பிடித்தது. நான் கேட்க விரும்புவது வேறு. இது மேசை மேல் வைக்கப்பட்டதா? எதிர்த்துப் பேச நாள் கொடுத்தார்களா? எடுத்தபோது, அது யாரை எல்லாம் ஏற்கெனவே தொட்டுவிட்டது என்று எண்ணிப் பார்த்தார்களா?

மாமி அடகு வைத்ததில் தோடு மட்டும் திரும்பி வந்துவிட்டது. சங்கிலிக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் தஞ்சோங் டாவாய்க்குப் போயிருந்தபோது மாமா ஒரு பை நெத்திலிக் கருவாட்டைக் கையில் திணித்துவிட்டு, நாடாளுமன்றம் திரும்ப எப்போது கூடுகிறது என்று கேட்டார். எதுக்கு மாமா என்றேன்.

"சும்மாதான். தொறந்திருக்கான்னு தெரிஞ்சிக்கணும்ல," என்றார்.